பாவு நீட்டிய காலையில் நான் சொன்னது

எனக்கு எச்.பி.வி. பாசிட்டிவ். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படச் சொன்னவர்கள்மீதுதான் கோபம்.

பிள்ளையார்பாளையத்தில் நானும் கணவரும் பட்டு நெய்கிறோம். போன வருஷம் எங்கள் தெருவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை முகாம் வந்தது. முன்பெல்லாம் மேசையில் படுத்துக் காலை அகட்ட வேண்டும். அதற்குப் பயந்தே பல வருஷம் டிமிக்கி கொடுத்தவள் நான். இந்த முறை நர்ஸ் பஞ்சு சுற்றிய குச்சியைக் கையில் கொடுத்து, "கதவைச் சாத்திக்கினு நீங்களே எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். பெண்கள் தாங்களே எடுக்கும் மாதிரியிலும் டாக்டர் எடுப்பதைப் போலவே புற்றுக்குக் காரணமான இந்த எச்.பி.வி. வைரஸைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ச்சிகளில் தெரிந்துவிட்டதாம். இரண்டு நிமிஷ வேலை.

முடிவு பாசிட்டிவ் என்று வந்ததும் புற்றுநோயே வந்துவிட்டது என்று நினைத்தேன். நர்ஸ் உட்காரவைத்து விளக்கினார். இது புற்றுநோய் இல்லை, வைரஸ். தாம்பத்தியம் நடத்துகிற பெரும்பாலோருக்கு எப்போதாவது வந்து போகும். அநேகமாக உடம்பே விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றாக மாறலாம். அதற்கு முன்னால் பிடித்தால் தடுத்துவிடலாம். சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் கிடக்கும் என்பதால் எப்போது வந்தது, யாரால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மறுசோதனையில் கர்ப்பப்பை வாயில் சின்ன மாற்றம் தெரிந்தது. அன்றைக்கே ஒரு கருவியால் அதைப் பொசுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதை என் நாத்தனாரிடம் சொன்னேன். கணவரின் தங்கை, பக்கத்து வீடு. அவள் மகனுக்குத்தான் என் மகளைக் கட்டுவதாகப் பேச்சு.

"நடத்தை கெட்டவங்களுக்குத்தான் இது வரும் அண்ணி. வெளிய மூச்சு விட்டீங்கன்னா இந்தச் சம்பந்தமே வேணாம், சொல்லிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நடத்தைக்குச் சாட்சி சொல்ல ஒரு பஞ்சுக் குச்சிக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் மகளுக்காக வாயை மூடிக்கொண்டேன். அடுத்த முகாம் வரப்போகிறது என்று தெரிந்ததும், அது தப்பான பொம்பளைகளுக்கு எடுக்கிற டெஸ்ட் என்று நாத்தனார் தெருவெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். எல்லோரும் போகமாட்டோம் என்றார்கள். எனக்கு வந்ததை வெளியே சொல்லட்டுமா என்று மகளிடம் கேட்டேன்.

"சொல்லுமா. உன்னை வாய மூடச் சொல்ற வீட்ல நான் போய் இன்னா பண்ணப் போறேன்?" என்றாள்.

அந்த வாரம் எங்கள் பாவு. தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு இணைப்பார்கள். கஞ்சி காய்வதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் யாரும் விட்டுப் போக முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

"எனக்கு அந்த டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்துது" என்றேன், தெருக்கோடிவரை கேட்கும்படி. நர்ஸ் சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். "நான் தப்பானவள்னு நெனைக்கிறவங்க என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

எல்லோரும் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தார்கள். கணவர் கஞ்சிச் சட்டியோடு நின்றார், தடுக்கவில்லை. நாத்தனார் கடைசி இழைவரை முடிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனாள். சாயங்காலமே சம்பந்தம் வேண்டாமென்று சொல்லி அனுப்பினாள். போகட்டும் என்றேன். மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் தறியில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து முகாம் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசியில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நாத்தனார். சம்பந்தத்தைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். குச்சியை வாங்கிக்கொண்டு கதவருகிலேயே நின்றாள்.

"யாராச்சும் வந்துட்டா அண்ணி?" என்றாள். இரண்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"நீ உள்ள போ. நான் கதவாண்ட நிக்கிறேன்."