பிரசவ வார்டில் பெலிண்டா சொன்னது

பாலக்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பெலிண்டா வேலை பார்த்தாள். எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவாள். பொருந்தாததை, விலை கூட என்பதற்காக யார் தலையிலும் கட்டமாட்டாள். முதலாளிக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

கல்யாணமான வருஷம், மழைக்காலத்தில் ஒரு நாள் காலையிலிருந்தே அடியிடுப்பில் அவளுக்குச் சுருக்சுருக்கென்று இருந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கூச்சம், தொடை வரைக்கும் இறங்குகிற வலி. சாயங்காலம் காய்ச்சல் வந்தது. மறுநாள் சிறுநீர் கழிக்கும்போது உயிர் போகிற எரிச்சல். தொட்டுப் பார்த்தால் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், கொத்தாக. மாமியார் அமலராணி உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள். மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு எரிச்சலைக் கூட்டியதுதான் மிச்சம்.

பக்கத்திலேயே டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே போனால் கோயிலுக்கு வருகிற பங்கு மக்களில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், என்ன ஏது என்று கேட்பார்கள். கடையில் லீவு சொல்லிவிட்டு, உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டே, பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனாள். அங்கே பிரேமலதா என்கிற பெண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, கைகழுவி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இது ஹெர்பிஸ்ம்மா. அக்கி வர்ற வைரஸுக்குச் சொந்தம், ஆனா அது இல்ல. உடலுறவுல பரவுறது."

உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உடம்பை விட்டு முழுசாகப் போகாது என்றார். நரம்புக்குள் பதுங்கியிருந்து எப்போதாவது தலைகாட்டும், போகப் போகக் குறையும். அடுத்த முறை அந்தச் சுருக் வந்ததுமே, கொப்புளத்துக்குக் காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். புண் ஆறுகிற வரை கணவனோடு சேரக் கூடாது. மற்ற நாட்களிலும் ஆணுறை நல்லது. புண்ணைத் தொட்ட கையோடு கண்ணைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பெலிண்டா, எனக்கு இது எப்படி வந்தது என்று மட்டும் கேட்டாள். யாரிடமிருந்து, எப்போது என்று பரிசோதனையில் சொல்ல முடியாது, சிலருக்கு வருஷக்கணக்காக வெளியே தெரியாமலே இருக்கும், கணவனை ஒருமுறை கூட்டிக்கொண்டு வா என்றார் டாக்டர்.

அவள் கணவன் பிரவீன்ராஜ் டயர் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. பாதி நாள் வெளியூரில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமலராணி காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பெலிண்டா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே வந்ததுதான். சொல்லணும்னு டாக்டர்கூட சொன்னாரு. சொல்லியிருந்தா நீ என்னைக் கட்டியிருப்பியா?"

"அதுக்குப் பதில் நான்ல சொல்லியிருக்கணும். எனக்கும் சேர்த்து நீங்களே சொல்லிக்கிட்டீங்க."

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளும் விட்டுக்கொடுத்தாள்.

அடுத்த வருஷம் கர்ப்பமானாள். பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், கடைசி மாதத்தில் மாத்திரை கொடுப்பார்கள் என்று பிரேமலதா முன்பே சொல்லியிருந்தார். ஆனால் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தது அமலராணி. அங்கே அவளுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். சொன்னால் விஷயம் வீட்டுக்கு வந்துவிடும், கொஞ்சம் பொறு என்றான் பிரவீன்ராஜ். ஒவ்வொரு செக்கப்பிலும் அப்படியே சொன்னான். மாசம் நிறைந்துவிட்டது.

ஒரு மத்தியானம் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே, அவளுக்கு நன்றாகப் பழகிப்போன அந்தச் சுருக் தெரிந்தது. பிரசவம் பார்க்க வந்த டாக்டர் வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். தலைமாட்டில் அமலராணி நின்றாள். வாசலில் நின்ற பிரவீன்ராஜ், வேண்டாம் என்று தலையசைத்தான்.

"எனக்கு ஹெர்பிஸ் இருக்கு டாக்டர். இப்ப அந்த இடத்துல சுருக்சுருக்குன்னு இருக்கு. கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. பெரிய டாக்டரை உடனே வரவழைத்தார். பிறக்கும்போது குழந்தைக்குத் தொற்றினால் மூளைவரைக்கும் போகலாம், ஆபரேஷன்தான் நல்லது என்று முடிவு செய்தார்கள். பெண் குழந்தை. சில நாள் கவனித்துப் பார்த்துவிட்டு, தொற்று எதுவும் இல்லை என்றார்கள்.

அதற்குள் அமலராணி, ஹெர்பிஸ் என்றால் என்ன என்று நர்ஸிடம் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். தையல்கூட ஆறாமல் கிடந்தவளிடம் வந்து, "எங்க வீட்டுல இல்லாத வியாதி. எங்கேருந்து கொண்டாந்தே?" என்றாள்.

"உங்க பிள்ளையைக் கேளுங்க அத்தை."

அமலராணி மகன் பக்கம் திரும்பினாள். பிரவீன்ராஜ் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எனக்கு எதுவும் தெரியாதும்மா," என்றான்.

டிஸ்சார்ஜ் ஆனதும் பெலிண்டா பொன்மலையில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனாள். பங்குச் சாமியார் சமாதானம் பேச வந்தார். என் வீட்டுக்காரர் அவர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லட்டும், அன்றைக்கே போகிறேன் என்றாள் பெலிண்டா. அவன் சொல்லவில்லை. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்து, கோயிலின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனான். அமலராணி வரவில்லை. ஆனால் பெலிண்டாவைப் பற்றி அவள் வெளியே பேசியதெல்லாம் காதுக்கு வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் கோயிலில் பெலிண்டா உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

குழந்தை இப்போது ஓடியாடுகிறது. பெலிண்டா பழையபடி கடைக்குப் போகிறாள். எப்போதாவது சுருக்கென்றால் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். பல தடவை கொப்புளம் வருவதற்கு முன்பே அடங்கிவிடுகிறது.

போன மாதம், திருச்சபைக் கல்யாண வழக்குகளைப் பார்க்கிற மறைமாவட்ட நீதிமன்றத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. கல்யாணமே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி பிரவீன்ராஜ் மனு கொடுத்திருக்கிறான். மணமகள் தன் நோயை மறைத்துவிட்டாள் என்பது அவன் சொல்லியிருக்கிற காரணம்.

இந்த அசிங்கத்தையெல்லாம் அங்கே போய்ப் பேச வேண்டுமா என்று அம்மா கேட்டாள். பெலிண்டா விசாரணை நாளுக்குக் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டாள்.