பிமல்தாவுக்கு நான் போட்ட கொசு

நான் ஒரு மோசடிக்காரன். கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பிமல்தாவை, தடுப்பூசி என்று சொல்லி, என் குளியலறைக் கொசுவை விட்டுக் கடிக்க வைத்தேன்!

சிரிக்கிறீர்களா? அந்த மனிதர் அதனாலேயே சாக இருந்தார் என்று தெரிந்த பிறகும் சிரிப்பு வருகிறதா, பார்ப்போம்.

தொண்ணூறுகளில் அலிப்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கொசுக்கூண்டுக்குள் கையை நீட்டி, அவை வயிறு நிறையக் குடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தேநீர்க்கடையில் இதைக் கேட்ட பிமல்தா, நாலு பேர் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது! கொசுவின் மரபணுவை மாற்றித் தடுப்பு மருந்தைச் சுமக்க வைக்கலாம், கடித்தாலே ஊசி போட்ட மாதிரிதான் என்று எங்கள் விஞ்ஞானி ஒருவர் கனவு காண்பதுண்டு. அதை நானே செய்து முடித்துவிட்டதாக அளந்தேன்.

பிமல்தா சிரிப்பை நிறுத்தினார். ஊசி போடும் நர்ஸ் தெருவுக்குள் வந்தாலே மாடியில் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஆள் அவர். மறுநாளே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்... ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து வைத்திருந்த குளியலறைக் கொசுவை அவர் கைமேல் கவிழ்த்தேன். கடித்தது. அன்று முதல் நான் 'டாக்டர்பாபு'. அந்த மரியாதை எப்படி இனித்தது தெரியுமா?

பிறகு ஒருநாள், தெருநாய் ஒன்று அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. அந்த வாரமே நாயும் செத்துப்போனது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார்கள். பிமல்தா அசையவில்லை.

"எனக்கு எதுக்கு ஊசி? டாக்டர்பாபு கொசுதான் எல்லாத்தையும் போட்டுடுச்சே."

என் மனைவி என்னை முறைத்தாள். "அந்த மனுஷன் செத்தா அந்தப் பாவம் உங்க தலையிலதான். போய் உண்மையைச் சொல்லுங்க."

போனேன். சொல்லத்தான் போனேன்! ஆனால் அவர் மனைவி அழுத கண்ணோடு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டாக்டர்பாபு என்று அழைத்ததும்... என் நாக்கு புரண்டுவிட்டது. கொசு போட்ட மருந்து உடம்புக்குள் தூங்குகிறது, ஊசி போட்டால்தான் எழுந்திருக்கும் என்றேன். பிமல்தா ஓலமிட்டபடியே அத்தனை ஊசியையும் போட்டுக்கொண்டார். பிழைத்தார். புகழெல்லாம் கொசுவுக்கு!

ஆண்டுகள் பல போயின. வெளிநாட்டில் மரபணு மாற்றிய கொசுவால் தடுப்பு மருந்து செலுத்த முயல்வதாகப் பத்திரிகையில் ஒரு துணுக்கு வந்தது. பிமல்தா கொதித்துப்போனார். என் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்களாம்! கல்கத்தாவில் கோபம் வந்தால் என்ன செய்வார்கள்? சாயங்காலமே தெரு க்ளப்பிலிருந்து கண்டன ஊர்வலம் கிளம்பியது. கழுத்தில் மாலையோடு முன்வரிசையில் நான்... டிராபிக் ஸ்தம்பித்து நின்றது.

இப்போதாவது சொல்லேன் என்று மனம் அடித்துக்கொண்டது. பக்கத்தில் பிமல்தா, மூச்சு வாங்க, தொண்டை கட்டியும் விடாமல் எனக்காக நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பறிகொடுத்தவன் அழுகிறான் என்று நினைத்து, தன் கைக்குட்டையை நீட்டினார். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.