நான் திறக்காத கதவு

'டக்' என்று ஒரு சத்தம், விரலில் சொடக்குப் போட்டது போல அத்தனை சிறியது. அதற்கப்புறம் முகத்தில் அறைந்த வெயில்காற்று, என் கையில் கிழிந்து தங்கிவிட்ட தம்பியின் 'டவுசர்' பாக்கெட், பின்னால் புழுதிக்குள்ளிருந்து அவன் அழுகை. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். கதவை நான் திறக்கவில்லை. சின்ன வயதில் இதைத்தான் சொன்னேன், இப்போதும் இதையேதான் சொல்கிறேன், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

சங்ககிரியில் எங்கள் தெரு முழுக்க லாரிப் பேச்சுதான் என்றாலும், கார் என்று ஒன்று வந்து நின்றது எங்கள் வாசலில்தான். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த அப்பா அதைப் புத்தம் புதிதாக ஓட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே அதற்குச் சில சேட்டைகள் இருந்தன: ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலறும், டிக்கியைத் திறக்க இடுப்பால் ஓர் இடி கொடுக்க வேண்டும், மழை பெய்தால் வைப்பர் ஓட்டுகிறவர் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தை மட்டும் அக்கறையாகத் துடைக்கும். யாராவது குறை சொன்னால் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அது அதோட கொணம், நாமதான் அனுசரிச்சுப் போகோணும்" என்பார். வண்டி செய்தால் குணம், நான் செய்தால் திமிர். எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி.

பின்கதவின் உள்பக்கத்தில், கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றும் கைப்பிடிக்கு நேர் மேலே, உரசுகிற நெருக்கத்தில், கதவைத் திறக்கும் பிடி இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு 'நாதாங்கி' என்று பெயர். இரண்டையும் இவ்வளவு பக்கத்தில் வைக்கலாம் என்று எந்த மேசையில் உட்கார்ந்து எவர் வரைந்தாரோ, அவர் பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு தாரமங்கலம் ரோட்டில் போனதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஓமலூரில் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்குப் போகும்போதுதான் அது நடந்தது. தம்பி காற்றுக்காக ஜன்னலோரம் முட்டி போட்டு நின்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சொன்னபடி, அவன் டவுசரைப் பிடித்திருந்தேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி மெதுவாக வளைந்தபோது 'டக்'. நல்லவேளை, மண்ணில் விழுந்தான். முழங்கை மட்டும் உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா என்னைப் பார்த்து, "கை சும்மாவே இருக்காதா உனக்கு?" என்றார். நான் கிழிந்த பாக்கெட்டைக் காட்டினேன், யாரும் பார்க்கவில்லை. என் கை கதவுப் பக்கம் இருந்ததை அம்மா திரும்பிப் பார்த்திருந்தாள். அது போதுமாக இருந்தது எல்லோருக்கும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் 'தம்பியத் தள்ளுன புள்ள' என்று என்னைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சோறு வேண்டாம் என்றேன், காரில் ஏற மாட்டேன் என்றேன், கேட்டவர்கள் முகத்துக்கு நேராகவே இல்லை, இல்லை என்றேன்.

கட்டுப் பிரிக்கத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய காலையில், வாசலில் காருக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டேன். ஹாரன் அடித்தும் நகரவில்லை.

"அதே எடத்துல நான் உக்காந்துக்கறேன், கையத் தலமேல வெச்சுக்கறேன். அதே ரோட்டுல ஓட்டுங்கப்பா. கதவு தொறக்கலைன்னா என்னைய ஊட்டுக்குள்ளயே சேத்தாதீங்க."

அப்பா அடிக்கத்தான் இறங்கினார். அம்மா நடுவில் வந்தாள். அவள் ஒன்றும் எனக்காக வாதாடவில்லை. உள்ளே போய் ஒரு பழைய சேலையை எடுத்து வந்து என்னைப் பின்சீட்டில் ஏற்றி, இடுப்பைச் சுற்றி முன்சீட்டோடு முடிச்சுப் போட்டுக் கட்டினாள், தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டாள், முன்னால் ஏறிக்கொண்டு, "ஏனுங்க, வண்டிய எடுங்க" என்றாள்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒன்றும் ஆகவில்லை. அப்பா பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். கோபம்கூட இல்லை, பாவம் என்கிற பார்வை. கை தலைமேலேயே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்து, அன்றைக்கு ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது என்றேன். அம்மா பின்னால் எட்டிக் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். அப்பா பெருமூச்சு விட்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி ஓட்டினார். ரோட்டின் குலுங்கலில் பாதி நின்ற கண்ணாடி தானாகக் கீழே நழுவியது. அது நழுவ நழுவக் கைப்பிடி தானாகச் சுற்றியது. சுற்றி மேலே வந்த அதன் குமிழ் நாதாங்கியைத் தூக்கித் தட்டியது. 'டக்'. கதவு ஆவென்று திறந்துகொண்டது, நான் சேலைக்கட்டில் கையைத் தூக்கியபடியே தொங்கினேன்.

அப்பா வண்டியை நிறுத்தி, சுற்றி வந்து, கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். அப்புறம் சேலை முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "கையக் கீழ எறக்கு சாமி" என்றார். மன்னிப்பு என்று எனக்குக் கிடைத்தது செல்லமாகச் சொன்ன அந்தச் 'சாமி'தான். நான் இறக்கவில்லை; வீடு வரைக்கும் அப்படியே வந்தேன்.

மறுநாள் சேலத்து ஷோரூமில் டை கட்டிய மேனேஜர், வேறு யாரும் இப்படிப் புகார் சொன்னதில்லை, குழந்தைகள் கை துறுதுறு என்றுதான் இருக்கும் என்று சிரித்தார். அந்தக் காரை ஒரு சொல் சொல்ல விடாத அப்பா, பின்கதவைத் திறந்து வைத்து, "அப்ப நீங்க உக்காருங்க, ஏரிக்கர வரைக்கும் போயிட்டு வந்தர்லாம்" என்றார். அவர் உட்காரவில்லை. குட்டையான வேறு கைப்பிடி ஒன்றை மாட்டித் தந்தார்கள். தப்பு வண்டியோடது என்று இந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அப்பா கேட்டதற்கு மட்டும், மேனேஜருக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது.

இப்போது சுற்றுகிற கைப்பிடியே காரில் இல்லை, எல்லாம் பட்டன். போன மாதம் என் காரில் கண்ணாடி தானாக ஏறி என் மகளின் விரலை நசுக்கியது. "நான் அமுக்கலம்மா" என்றாள். எனக்கு ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "தெரியும் சாமி" என்றேன். மகளையும் கூட்டிக்கொண்டு போன அஸ்தம்பட்டிப் பக்கத்துச் சர்வீஸ் சென்டரில், "பாப்பா பட்டன அமுக்கியிருக்கும் மேடம்" என்றார் அங்கிருந்த இளைஞர். பின்கதவைத் திறந்தேன். உள்ளே உட்காருங்கள், கண்ணாடிமேல் விரலை மட்டும் வையுங்கள் என்றேன். அவர் கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. பாகத்தை மாற்றித் தருகிறோம் என்றார். "மாத்துங்க. மொதல்ல அவகிட்டச் சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடையடைக்க ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் அந்த இளைஞர் வந்து, மகளின் கட்டுப்போட்ட விரலைப் பார்த்து, "தப்பு உன்னோடது இல்ல பாப்பா, வண்டியோடது" என்றார்.

வெளியே வந்ததும் தம்பிக்குப் போன் செய்து அதை அப்படியே ஒப்பித்தேன். அவன் முழங்கை இன்றைக்கும் முழுசாக நீளாது. ஆனாலும் அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

"அக்கா, நீ என்னையப் புடிச்சுட்டு இருந்தது எனக்குத் தெரியாதா?" என்றான். "என்னைய ஆரு கேட்டாங்க?"