ஃபேன் உத்தியோகம்

எங்கள் பம்மல் வீட்டு ஃபேனுக்குத் தானாகக் கிளம்பும் பழக்கம் கிடையாது. சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல் முனகும், அவ்வளவுதான். யாராவது ஒட்டடைக் கம்பால் இறக்கையைத் தள்ளிவிட வேண்டும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றும். கண்டென்சர் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுகிறேன் என்று அப்பா சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மாவுக்கு நைட் டூட்டி. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. காலையில் வந்து, சமைத்து, அப்பாவை அனுப்பிவிட்டுப் படுப்பதற்குள் வெயில் ஏறிவிடும். ஏற்கெனவே ஒரு ராத்திரி கண்ணசந்து மேட்ரனிடம் பிடிபட்டிருந்தாள். இந்த வாரத்தோடு நைட் முடிகிறது. அதற்குள் இன்னொரு தடவை தூங்கினால் அடுத்த வாரமும் நைட்தான் என்று சொல்லிவிட்டாராம்.

"பகல்ல கொஞ்சம் தூங்கிட்டாப் போதுங்க, சமாளிச்சிடுவேன்" என்றாள் அப்பாவிடம்.

பகலில்தான் கரண்ட் கட். திரும்பி வந்ததும் ஃபேனைக் கிளப்பிவிட ஆள் வேண்டும். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

லேசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. நடு மோட்டாரை ஒட்டித் தள்ளினால் ஃபேன் சண்டி மாடாக நிற்கும். இறக்கையை நீளவாட்டில் குத்தினால் சுற்றாது, ஊஞ்சல்தான் ஆடும். நுனியில் லேசாகத் தள்ளினால் சொன்ன பேச்சைக் கேட்கும். ஸ்டூலில் ஏறி நின்று, எனக்குக் கிட்டத்தில் இருக்கும் இறக்கையின் நுனியை வலப்பக்கமாகத் தள்ளுவேன். காற்று அம்மாவின் மேல் இறங்கும். அப்படியொரு பெருமை எனக்கு.

வெள்ளிக்கிழமை கரண்ட் வந்தபோது நான் வாசலில் இருந்தேன். ஃபேன் முனகுவது கேட்டு ஓடிவந்து, அவசரத்தில் கம்பை நீட்டினேன். அது கிட்டத்து இறக்கையைத் தாண்டி அந்தப் பக்கத்து இறக்கையில் போய்ப் பட்டது. எதுவானால் என்ன என்று வழக்கம்போல வலப்பக்கம் தள்ளினேன். ஜோராகச் சுற்ற ஆரம்பித்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காவலுக்கு உட்கார்ந்தேன்.

கோவளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அக்கா குரல் கொடுத்தாள். "கத்தாதீங்க அக்கா, அம்மா தூங்குறாங்க" என்றேன்.

"இன்னா பாப்பா, உச்சி வெயில்ல தூங்கிகினுகீதா உங்கம்மா?"

"நைட் டூட்டி" என்றேன், நானே பார்ப்பதுபோல.

அவ்வப்போது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தாள். சாயங்காலம் எழுந்து வந்தபோது நைட்டி முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி சிவந்திருந்தது.

"நல்லாத் தூங்கினியாம்மா?"

"ம். நல்லா தூங்கினேன்டி."

டூட்டிக்குக் கிளம்புமுன் என் ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். "இங்கயே நின்னு, கிட்ட இருக்கிற றெக்கைய மட்டும் தள்ளு. தூரத்துல இருக்கறதத் தொடாத. கை வலிக்கும்" என்றாள். என் கைமேல் அம்மாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த மே மாதம், கூடுவாஞ்சேரியில் நான் குடியிருக்கும் ஃப்ளாட்டிலும் கண்டென்சர் போனது. நானும் இப்போது ராத்திரி ஷிப்ட்டுக்குப் போகிறவள். விடிந்து வீடு வந்து, துடைப்பத்தின் அடிக்கட்டையால் ஏதோ ஓர் இறக்கையைத் தள்ளிவிட்டு விழுந்தேன். ஃபேன் சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை. உற்றுப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, காற்றையெல்லாம் சீலிங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கண்டென்சர் போன ஃபேனுக்கு வலது இடது தெரியாது. தள்ளிய பக்கம் சுற்றும். இந்தப் பக்கத்து இறக்கைக்குக் கொடுக்கும் தள்ளலை அந்தப் பக்கத்து இறக்கைக்குக் கொடுத்தால் சுற்று தலைகீழ். பள்ளியில் இதைப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

எழுந்து அணைத்து, திருப்பித் தள்ள எவ்வளவு நேரமாகிவிடும்? எழ முடியவில்லை. வேர்வையில் ஊறியபடி அப்படியே கிடந்தேன். அம்மா அன்று ஏன் எழுந்திருக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது தூக்கமில்லை என்பதும் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையில் அம்மா வெகுநேரம் கழித்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்து, "கண்ணசந்துட்டேங்க. அடுத்த வாரமும் நைட் போட்டுட்டாங்க" என்றாள். அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இன்னும் ஒரு வாரம் ஃபேன் என்னுடையது. கம்பை எடுத்துக்கொண்டு, ஜன்னலோர ஸ்டூலில் ஏறித் தயாராக நின்றேன்.