தேங்காய்ப்பால் பிழியும் கை

துயிங்காவைத் தன் மகள் தலையில் பார்த்துவிட வேண்டும் என்பது, லூசியா தளர்நடை போட்ட காலத்திலிருந்தே ரூதாவின் ஆசை. மனித முடியும் சிப்பியும் வைத்துக் கட்டிய அந்தத் தலையணி குடும்பப் பெட்டியில் பூட்டியே இருக்கும். திருவிழாவின் கடைசி ஆட்டத்தை ஆடும் பெண்ணுக்காக மட்டும் வெளியே எடுப்பார்கள். ஊரில் புதுக் கிறிஸ்தவக் கோவிலின் திறப்பு விழா வருகிறது என்றதும் பெரியவர்கள் கூடிப் பேசி, அதை மகெரீத்தாவின் மகள் தெலேசியாவுக்குக் கொடுத்தார்கள்.

மகெரீத்தா ரூதாவின் ஓரகத்தி. மூத்தவனின் மனைவி, மூத்தவன்தான் குடும்பத் தலைவன். ரூதாவின் கணவன் இளையவன். அவன் கடலிலிருந்து கொண்டுவரும் மீன்களில் பெரியது எப்போதும் அண்ணன் வீட்டுக்குப் போகும். பக்கத்துத் தீவிலிருந்து இந்தச் சவாயீத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் ரூதா அந்தப் பெரிய மீனைக் கழுவி, இலையில் சுற்றி, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள். மகெரீத்தா கெட்டவள் அல்ல. அதுதான் ரூதாவுக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இன்னொன்றும் இருந்தது. மகெரீத்தாவின் பிள்ளைகள் ஓடுவார்கள். ரூதாவின் மகன் பெனியால் ஓட முடியாது. சில வருடங்களுக்கு முன் அவனுக்கு முழங்கால் வீங்கி வலித்தது. பிறகு அந்த வலி கணுக்காலுக்குப் போனது, அங்கிருந்து அடுத்த காலுக்கு. இடம் மாறும் வலி பொய் வலி, தோட்ட வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள், ரூதாவும்தான். எண்ணெய் தேய்த்தாள், திட்டினாள். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தொண்டை வலியில் தொடங்கி மூட்டுக்கு இறங்கிய காய்ச்சல் இதயத்தின் வால்வைத் தின்றிருந்தது. அன்றிலிருந்து மாதாமாதம் பென்சிலின் ஊசி.

ஆட்டத்தின் ஒத்திகை சாயங்காலங்களில் நடந்தது. சுவரில்லாத வீடு, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து கை தட்டிப் பாடுவார்கள். ரூதா முதல் வரிசையில் உட்கார்ந்து தெலேசியாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தப்பாவது கிடைக்காதா!

கிடைத்தது. மெல்ல மேலெழ வேண்டிய இடது கை, ஈயை விரட்டுவதுபோல் வெடுக்கென்று உதறியது. கூடவே வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அந்த ஆட்டத்தில் நடுவில் ஆடுகிறவள் அசையாத தண்ணீர்போல இருக்க வேண்டும். முகம் சுளிப்பது, கை காலை உதறுவது எல்லாம் அவளைச் சுற்றி ஆடும் கோமாளிகளின் வேலை. அவள் அழகு எடுபட வேண்டும் என்றே அவர்கள் அப்படி ஆடுவார்கள். அதனால் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஏண்டி, கோமாளிக்கு ஆள் இல்லேன்னு நீ கிளம்பிட்டியா?" என்று கத்தினாள் மகெரீத்தா.

"உலாவாலே!" என்றாள் ஒருத்தி. அடங்காத சேட்டைக்காரி என்று அர்த்தம். அந்த வாரம் முழுவதும் தெலேசியாவுக்கு அதுதான் பெயர். தட்டைக் கீழே போட்டாள், உலாவாலே. ஜெபத்தில் நெளிந்தாள், உலாவாலே. பள்ளியில் முட்டி போட வைத்தார்கள். ரூதா அன்றைக்கு ஈரப்பலாவை வழக்கத்தைவிட ருசித்துத் தின்றாள். "சின்னப் பொண்ணு, விடுங்க" என்று பரிந்து பேசுவதுபோலப் பேசவும் செய்தாள்.

ஞாயிறு காலையில் இரு வீட்டுக்கும் சேர்த்துச் சமையல். சூடேறிய கற்களின் மேல் சேப்பங்கிழங்கு வேக, தெலேசியா தேங்காய்த் துருவலை நாரில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். பாதிப் பால் மண்ணில் போனது. பிழிந்து முடித்ததும் எழுந்திருக்கச் சித்தி ரூதாவின் கையைப் பிடித்தாள். பிடி நிலையாக நிற்கவில்லை. இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது.

"அடியே, விடுடி. என் விரல் என்ன தேங்காயா? இன்னும் பிழிஞ்சுக்கிட்டே இருக்கே!"

தெலேசியா பொலபொலவென்று அழுதுவிட்டாள். "நான் பண்ணல சித்தி. அதுவா பண்ணுது."

ரூதா அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஊசி போடும் நாளில் ஆஸ்பத்திரி வரிசையில் முன்பு ஒரு பெண்ணைப் பார்த்திருந்தாள். அவள் கைகள் மடியில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தன. 'பேய் புடிச்சிருக்குன்னு நெனச்சோம். உங்க பையனுக்கு வந்த அதே காய்ச்சல்தானாம். இவளுக்கு மூட்டுக்குப் போகாம மூளைக்குப் போயிடுச்சாம்' என்று அவள் தாய் சொல்லியிருந்தாள்.

"நாக்க நீட்டு பாப்போம்."

நீட்டிய நாக்கு வெளியே நிற்கவில்லை. பல்லியின் நாக்குபோல உள்ளே போய் வெளியே வந்தது.

"பள்ளிக்கூடத்துல எழுத்து எப்படி இருக்கு?"

"கோழி கிளறின மாதிரி இருக்குன்னு டீச்சர் சொல்றாங்க. முன்னெல்லாம் நல்லாத்தான் எழுதுவேன்."

"தொண்டை வலிச்சுதா, மழைக்காலத்துல?"

"ஆமா. அம்மா வெந்நீர் குடுத்தா, சரியாப் போச்சு."

கோவிலுக்குப் போய் வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஊரே தூங்கியது; இரு வீட்டாரும் ஒரே கூரையின் கீழ் படுத்திருந்தார்கள். தெலேசியா பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். சற்றுமுன் கிண்ணத்தைப் பிடிக்கத் தெரியாமல் துள்ளிய அந்தக் கை, இப்போது யாரோ கழற்றி வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. ரூதா விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். தூக்கத்தில் மட்டும் தன் மகளின் கை அடங்கிவிடும் என்றும் ஆஸ்பத்திரியில் அந்தத் தாய் சொல்லியிருந்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இன்னும் இரண்டு ஒத்திகையில் பெரியவர்களே தெலேசியாவை விலக்கிவிடுவார்கள். துயிங்கா தானாக லூசியாவிடம் வரும். திருவிழா முடிந்தபின் சொன்னால் என்ன கெட்டுவிடும்? அந்தக் கேள்விக்குப் பதில் வீட்டின் மறுகோடியில் இருந்தது. இரண்டு தலையணை வைத்து, சாய்ந்தபடியேதான் தூங்குவான் பெனி. படுத்தால் அவனுக்கு மூச்சு முட்டும்.

மகெரீத்தா கண் விழித்ததும் ரூதா சொன்னாள். கை, நாக்கு, எழுத்து, தொண்டை எல்லாம் சொன்னாள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆட்டம் வேண்டாம் என்றாள்.

மகெரீத்தா நிதானமாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள். "துயிங்கா என் மக தலையில இருக்கறது உனக்குப் புடிக்கல, இல்ல?"

"ஆமாக்கா, புடிக்கல."

மகெரீத்தா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"புடிக்காததாலதான் நான் அவ கையப் பாத்தேன். எங்க தப்பு வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க அவ மொகத்தப் பாத்துப் பூரிச்சுக்கிட்டு இருந்தீங்க. லூசியாவும் ஆட மாட்டா. உங்க வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லிடறேன். துயிங்காவ யாருக்கு வேணா குடுங்க. அப்பறமாவது நான் சொல்றத நம்புவீங்களா?"

விழித்துக்கொண்ட லூசியா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "என்னை ஒரு வார்த்தை கேக்கலியேம்மா" என்றாள். ரூதா அவள் பக்கம் திரும்பவில்லை.

மகெரீத்தா மகள் அருகே போய், தூங்குகிறவளை எழுப்பி, "என் ரெண்டு விரலப் புடி" என்றாள். பிடித்தாள். அந்தப் பிடி இறுகுவதையும் தளர்வதையும் மறுபடி இறுகுவதையும் மகெரீத்தா பார்த்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார்கள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், ரத்தம் எடுத்தார், இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தார். காய்ச்சல் இதயத்தைத் தொட்டிருந்தது. ஆனால் வால்வு கெடவில்லை. கை ஆட்டம் மெல்ல அடங்கும், ஊசியை மட்டும் வருடக்கணக்கில் விடாமல் போட வேண்டும் என்றார். பிறகு மகெரீத்தாவைப் பார்த்து, "சேட்டைன்னு விட்டுடாம சீக்கிரமா கூட்டிட்டு வந்தீங்களே, அதுவே பெரிசு" என்றார்.

மகெரீத்தா மறுத்துச் சொல்லவில்லை. ரூதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பெனியைக் கூட்டி வந்தபோது அவளிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

கோவில் திறப்பன்று குடும்பத் தலைவனின் தங்கை துயிங்கா சூடி ஆடினாள். பருத்த உடம்பு, நடுத்தர வயது. ஆனாலும் நன்றாகவே ஆடினாள். ரூதா கை தட்டினாள். லூசியா தட்டவில்லை.

இப்போதெல்லாம் ஊசி நாளில் இரண்டு ஓரகத்திகளும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். மகெரீத்தா மீன் சுட்டு எடுத்து வருகிறாள், பெரிய துண்டைப் பெனிக்குக் கொடுக்கிறாள். ரூதா அதை வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆஸ்பத்திரிப் படிகளில் தெலேசியா தாவி ஏறிவிடுவாள். பெனி பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வான்.

"நில்லுடி, தம்பி வரட்டும்" என்பாள் மகெரீத்தா.

மேலே நிற்கும் அந்தப் பெண்ணின் நெஞ்சைத்தான் ரூதா பார்ப்பாள். அது சிரமமில்லாமல் ஏறி இறங்கும். துயிங்காவுக்காக அவள் பட்ட பொறாமை எப்போதோ போய்விட்டது. அந்த நெஞ்சைப் பார்த்து வரும் இந்தப் பொறாமை போகாது என்று அவளுக்குத் தெரியும். பெனிக்கு முழங்கால் வீங்கிய நாட்களில், தப்புத் தேடியாவது அவனை உற்றுப் பார்க்க, ரூதாமீது பொறாமைப்பட ஒருத்திகூட இருக்கவில்லை.

"மெதுவா ஏறு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, ரூதா அவன் பின்னால் ஒவ்வொரு படியாக ஏறுவாள்.