சோதனைச் சாவடியில் என் துணிப்பை

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நானும் என் வீட்டுக்காரரும் செங்கற்பட்டிலிருந்து ஊர் சுற்றக் கிளம்பினோம். ஆலம்பரையில் இடிந்து கிடக்கும் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரி போனோம். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. அங்கே தெருவுக்குத் தெரு ஒயின் கடை. அவர் பார்த்த பார்வையே சரியில்லை.

"வாங்காதீங்க, வழியில சோதனை போடுவாங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு இப்டி பேஜாரு பண்றே? நான் வாங்கல" என்றார். நம்பினேன்.

திரும்பும்போது எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். போலீஸ்காரர் என் மடியிலிருந்த துணிப்பையில் கைவிட்டார். என் பழைய சேலைக்குள் சுற்றி ஓர் ஒயின் புட்டி!

"இன்னாம்மா, குடும்பப் பொம்பள மாதிரி கீறே? எறங்கு, ஸ்டேஷனுக்கு."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அது அவ பைங்க. எனக்கு இன்னா தெரியும்?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அழுகைதான் வந்தது. பின்னால் இருந்த மீன்கார அம்மாதான் கத்தினாள்: "யோவ், இது குடிக்கிற மூஞ்சியாவா கீது? பக்கத்துல குந்திகினு கீற ஆம்பளையக் கேளுய்யா!"

போலீஸ்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். புட்டியை மண்ணில் கவிழ்த்துவிட்டு, பஸ்ஸைப் போகச் சொன்னார்.

"பொம்பள பையில கை வைக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார் வீட்டுக்கு வந்ததும். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், பத்துப் பேர் பார்க்கப் பையைக் கொட்டி உதறிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். அவருக்கு அவமானமாக இருக்கிறதாம். இருக்கட்டும்.