பன்னிரண்டு மிஷின், ஒரு விரல்

அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறைதான் மெக்கானிக்கின் ராஜ்யம். பிரஷர் பார்க்கும் கருவி, மருந்து ஏற்றும் பம்ப், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப், எது மக்கர் செய்தாலும் அங்கேதான் வரும். யார் கிடைத்தாலும் அவர் ஒரு தத்துவத்தை அளப்பார்: "பத்துப் பொருள் ஒரே மாதிரி கெட்டுப் போச்சுன்னா பொருள விடுங்க. பத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாருங்க."

மாடிக்கு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தீயணைப்பு சிலிண்டரை உற்றுப் பார்ப்பார். அது அவர் வேலையே இல்லை. ஆனாலும் ஆறு சிலிண்டர்களின் காலாவதித் தேதியும் மனப்பாடம். இதற்குக் கடமை உணர்ச்சி என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை தலைமை நர்ஸ் வருடாந்திரச் சோதனைக்காகப் பன்னிரண்டு விரல் மிஷின்களைக் கொண்டுவந்து வைத்தார். மெக்கானிக் வழக்கம்போல் முதல் மிஷினைத் தன் விரலில் மாட்டினார். எண்பத்தாறு. நல்ல உடம்புக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்ட வேண்டும். பேட்டரி மாற்றினார். எண்பத்தாறு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். ஒன்று குறைந்தது. மதியத்துக்குள் பன்னிரண்டுக்கும் 'பழுது' என்று சிவப்புச் சீட்டு கட்டிவிட்டார். ஸ்டோரிலிருந்து புத்தம் புதியது ஒன்றை உறை பிரித்தார். அதுவும் எண்பத்தாறு. கம்பெனிக்குக் காரசாரமாக இரண்டு பக்கக் கடிதம் எழுதி, "அலட்சியத்துக்கும் ஓர் அளவு உண்டு" என்ற வரியை இரண்டு முறை படித்து ரசித்தார்.

மாலையில் வந்த நர்ஸ் ஒன்றை எடுத்துத் தன் விரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு.

"நல்லாத்தானே இருக்கு?"

"உங்களப் பாத்ததும் பயந்து ஒழுங்கா காட்டுது."

இன்னொன்று. தொண்ணூற்றொன்பது. நர்ஸ் சிரிக்கவில்லை. மெக்கானிக்கின் உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "சார், உங்க விரலக் கொடுங்க."

பன்னிரண்டுக்கும் பொதுவாக என்ன இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விரலை நீட்டினார்.

ஜெனரேட்டர் மறைவில் முப்பது வருடம் ஊதிய சிகரெட் நுரையீரலைப் பதம் பார்த்திருந்தது. டாக்டர் சொன்னார்: "இது நேத்து வந்ததில்ல. ஆக்ஸிஜன் பத்தலைன்னு உங்க கிட்னி எப்பவோ கண்டுபிடிச்சிடுச்சு. எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லி, சிவப்பணுவ கூடுதலா செய்ய வெச்சிருக்கு. எல்லாருக்கும் கழுத்துல அரிசி அளவுல ஒரு உறுப்பு இருக்கு, ஆக்ஸிஜன் குறைஞ்சா அதுக்குத் தெரியும். அது மூச்ச வேகமாக்கியிருக்கு. எல்லாம் சேர்ந்து சமாளிச்சதாலதான் உங்களுக்குத் தெரியல. இனிமே தாங்காது. இன்னிக்கே அட்மிட் ஆகுங்க. சிகரெட்ட விட்டா மிச்சத்தக் காப்பாத்தலாம்."

மாற்றுத் துணியோடு மனைவி வந்தாள். வார்டு நீண்ட நடைவழியின் கோடியில் இருந்தது. சக்கர நாற்காலி வேண்டவே வேண்டாம் என்றார். அதை ரிப்பேர் பார்த்தவர் அவர்தான், அதனால் நம்பிக்கை இல்லை.

பாதி வழியில் மனைவி அறிவிப்புப் பலகை முன்னால் நின்று, கைக்குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையைக் கவனமாகப் படித்தாள்.

"நமக்கெதுக்கு அது?"

"நீங்க மூச்சு வாங்கிக்கங்க. ரெண்டு வருஷமா உங்களுக்காகத்தான் கடை கடையா நின்னு ஒண்ணும் வாங்காம போறேன். கடைக்காரங்க என்னைப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கிறாங்க."

கிட்னிக்குத் தெரிந்திருக்கிறது. கழுத்துக்குத் தெரிந்திருக்கிறது. இவளுக்கும் தெரிந்திருக்கிறது. கோளாறு கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆளுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் நர்ஸைக் கூப்பிட்டு நாற்காலி கேட்டார். மனைவி தள்ள, இடது சக்கரம் கீச்சிட்டது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

"எனக்கு ரெண்டு வருஷமா பயமாத்தான் இருக்கு," என்று சொல்லி, அவள் நிற்காமல் தள்ளினாள்.